சரியண்ணனும் புது மாப்பிள்ளையும்

செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! ஊதுகிறவரின் கன்னம் உப்புவதைப் பார்த்துவிட்டு, "அடேயப்பா, பிரமாதங்க!" என்று பாராட்டிவிட்டு நகர்கிற செவிடனை அந்தப் பழமொழிக்காரர் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் பழமொழியையே மாற்றியிருப்பார். சரியண்ணன் அந்த ரகம்.

சரியண்ணன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தொழிற்சாலையில் வைத்தது. துணி துவைக்கும் மிஷினுக்கு முதுகுத் தகடு செய்கிற இடம் அது. அங்கே யார் எதைச் சொன்னாலும் இவர் "சரிங்க" என்பார். கேள்வி மாதிரித் தெரிந்தால், அதாவது எதிராளியின் புருவம் மேலே போனால், "ஆமாங்க" என்பார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சிரிப்பு. "தங்கமான மனுஷன்யா, எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது" என்று சூப்பர்வைசர் முதல் வாசல் காவலாளி வரை மெச்சுவார்கள். எதிர்த்துப் பேச வேண்டுமானால் அவர்கள் சொன்னது முதலில் காதில் விழ வேண்டாமா? விழுவதில்லை என்பது இரண்டே பேருக்குத் தெரியும். ஒன்று மனைவி. இன்னொன்று சகலை.

பிறவியிலேயே போன காதில்லை. தகட்டை இடித்து வளைக்கிற பிரஸ் மிஷின் தின்ற காது. ஒரு தகட்டுக்கு ஒரு இடி, நாள் முழுக்க இடி. முதலில் உள்ளே ஒரு வண்டு புகுந்துகொண்ட மாதிரி ரீங்காரம் கேட்டது. சில வருஷம் கழித்து வண்டும் ஓய்ந்தது. வண்டோடு கூடவே வாசல் மணி, மழைச் சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் ஓய்ந்தன. தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள் போன் செய்தால் மனைவிதான் எடுப்பாள். "அப்பா குளிக்கிறாரும்மா" என்பாள். ஒரு மனுஷன் ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பார் என்று அந்தப் பெண்ணும் கேட்டதில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வேலை எதற்கு என்று கேட்கலாம். காது கேட்காதவர்கள் பிரஸ் தளத்தில் நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழியும். அது ஒரு காரணம். இன்னொன்றை சரியண்ணன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவருடைய அப்பாவுக்கும் கடைசி காலத்தில் காது போயிற்று. வீட்டில் நாலு பேர் கூடிச் சிரிக்கும்போது அப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்து, "என்னடா? என்ன சொன்னான்?" என்பார். "ஒண்ணுமில்லப்பா, விடுங்க" என்பார்கள். சரியண்ணனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கடைசியில் அப்பா கேட்பதையே நிறுத்திவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் கை நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நாற்காலிக்குப் போய்விடக் கூடாது, அவ்வளவுதான். வேலை போனால் அந்த நாற்காலிதான்.

சகலை என்பவர் மனைவியின் தங்கையைக் கட்டியவர். அக்காள் தங்கையை மணந்த இரண்டு ஆண்கள் ஒருவருக்கொருவர் முறைத்துக்கொண்டிருப்பதுதான் உலக வழக்கம். இவர்கள் விதிவிலக்கு. ஒரே வயது, ஒரே தொழிற்சாலை, ஒரே மேசையின் எதிரெதிர்ப் பக்கம். சரியண்ணன் தகட்டின் நாலு மூலையிலும் கொக்கி மாட்டி விளிம்புக்கு எண்ணெய் தடவுவார். சகலை அதை இழுத்து பிரஸ்ஸுக்குள் கொடுப்பார். தகட்டு விளிம்பு சவரக் கத்தி மாதிரி இருக்கும். இழுக்கும் நேரத்தில் கை மேலே இருந்தால் விரல் இருக்காது. மற்ற மேசைகளில் "கை!" என்று கத்துவார்கள். சகலை கத்தமாட்டார். கையிலிருக்கிற ஸ்பேனரால் மேசைக்கு அடியில் டக் டக் என்று இரண்டு தட்டு தட்டுவார். சரியண்ணனின் உள்ளங்கைக்கு அது போய்ச் சேரும், கை விலகும். இதைப் பார்த்தவர்கள் சகலைக்கு ஏதோ தாளம் போடுகிற வியாதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

தாளம் மட்டுமா? கேன்டீனில் யாராவது ஒரு ஜோக் சொல்லி மேசையே குலுங்கினால், சகலை சரியண்ணன் பக்கம் முகத்தைத் திருப்பி, சத்தமே இல்லாமல் உதட்டால் அந்த ஜோக்கை முழுக்கச் சொல்லுவார். சொல்லும்போது தன் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்த்துவிடுவார். அதனால் சரியண்ணன் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பார். "சரியண்ணனுக்கு டியூப்லைட் மூளை" என்று அதற்கும் ஒரு கேலி. போகட்டும். டியூப்லைட் என்ற பெயர் செவிடன் என்ற பெயரைவிட மேல்.

வருஷாவருஷம் உடம்புப் பரிசோதனை நடக்கும். நர்ஸம்மா முதுகுக்குப் பின்னால் நின்று ஏதாவது வார்த்தை சொல்வார். திருப்பிச் சொல்ல வேண்டும். சகலை வரிசையில் அடுத்த ஆளாக முன்னால் வந்து நின்று, கொட்டாவி விடுகிற சாக்கில் அந்த வார்த்தையை உதட்டில் காட்டுவார். "என்னய்யா எப்பப் பாத்தாலும் கொட்டாவி?" என்று நர்ஸம்மா கேட்டால், "வீட்டுல தூங்க விட்டாத்தானே" என்பார். நர்ஸம்மா சிவந்துபோய் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்.

உலகத்தில் சரியண்ணனிடம் 'ஒண்ணுமில்ல, விடு' என்று ஒரு தடவைகூடச் சொல்லாத ஒரே ஆள் சகலை. மனைவியே அலுப்பில் சொல்லியிருக்கிறாள். சகலை சொன்னதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் மாப்பிள்ளை வந்து இறங்கினார்.

மாப்பிள்ளை என்றால் இயந்திரக் கை. ஆளுயரத்துக்கு ஒரு இரும்புக் கால், அதன் மேல் மூன்று முட்டி வைத்த வெள்ளை நிறக் கை, நுனியில் தகட்டை உறிஞ்சிப் பிடிக்கிற நாலு ரப்பர் வாய். பளபளவென்று நிற்கும். வேளாவேளைக்கு யாராவது துடைத்துவிட வேண்டும். தகட்டை அடுக்கி முன்னால் கொண்டுபோய் வைத்தால்தான் தொடும். ஒரு விரற்கடை தள்ளி வைத்தால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். "புது மாப்பிள்ளை தோத்தான் போ" என்று சகலைதான் முதலில் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதைக் கொண்டுவந்து நிறுத்திய என்ஜினியரம்மா சின்ன வயசுப் பெண். நல்ல பெண். எல்லோரையும் சுற்றி நிற்கவைத்து விளக்கினார். "இது உங்களுக்குப் போட்டி இல்லைங்க, கூட்டாளி. உங்க கூடவே நின்னு வேலை செய்யும். மேல பட்டா உடனே நின்னுடும். நகர்றதுக்கு முன்னாடி மூணு தடவை கூவும், கையை எடுத்துக்கணும். யாருக்காவது ஏதாவது சிரமம் இருந்தா இப்பவே சொல்லுங்க. எப்படி வேணும்னாலும் மாத்திக்கலாம்." சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சரியண்ணன் முகத்துக்கு வந்தபோது அந்தப் பெண்ணின் புருவம் இறங்கிவிட்டிருந்தது.

"சரிங்க" என்றார் சரியண்ணன்.

இனி மேசைக்கு ஒரு ஆள் போதும் என்றார் சூப்பர்வைசர். ஒருவர் இருக்கலாம், ஒருவர் பேக்கிங் ஷெட்டுக்குப் போக வேண்டும். ஷெட் என்றால் கீழ்வேலை. அட்டைப் பெட்டி, டேப், தூசி. "எனக்கு முதுகு வலிங்க, நான் போறேன்" என்று சகலை முந்திக்கொண்டார். அவருக்கு முதுகும் வலிக்கவில்லை, ஒன்றும் வலிக்கவில்லை. ஷெட்டில் பாரம் தூக்கும் வண்டிகள் பின்பக்கமாகவே வரும், ஹாரன் அடித்தபடி. சரியண்ணனை அங்கே அனுப்பினால் ஒரு வாரத்தில் துணி போர்த்தித்தான் தூக்கி வர வேண்டியிருக்கும். அது சகலைக்குத் தெரியும்.

"அப்ப அது கூவுறது உனக்கு?" என்று அன்றைக்கு வாசலில் நின்று உதட்டால் கேட்டார்.

"பாத்துக்கலாம்" என்றார் சரியண்ணன். பார்த்துக்கொள்ளவும் செய்தார். மாப்பிள்ளை கிளம்புவதற்கு முன் அதன் வயிற்றுக்குள் மோட்டார் ஒரு உறுமு உறுமும். அந்த நடுக்கம் இரும்புக் கால் வழியாகத் தரையில் இறங்கி, தரை வழியாக மேசைக்கு ஏறும். இடது உள்ளங்கையை மேசை ஓரத்தில் வைத்துக்கொண்டு வலது கையால் வேலை பார்த்தால், நடுக்கம் வந்ததும் இரண்டு கையையும் எடுத்துவிடலாம். பழைய தட்டு மாதிரி அன்பான தட்டு இல்லை. ஆனால் தவறாத தட்டு.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவருக்கு மாப்பிள்ளையைப் பிடித்தும் போயிற்று. மனிதர்களிடம் நாள் முழுக்க முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எவன் பேசுகிறான், எவன் கேட்கிறான், எங்கே சிரிக்க வேண்டும் என்று கழுத்து வலிக்கும். மாப்பிள்ளைக்கு முகம் கிடையாது. அதனிடம் கேட்கிற மாதிரி நடிக்க வேண்டியதில்லை. வேலை விட்டு வீட்டுக்கு வரும்போது முன்னைப்போல் தலைவலி இல்லை என்று மனைவியிடம் சொன்னார். "சகலையைவிட மாப்பிள்ளை ஒசத்தியா போயிட்டாரா?" என்று அவள் கிண்டல் செய்தாள். அவருக்கு அது சுருக்கென்று பட்டது.

நல்லதற்குக் காலமில்லை. பிரஸ் இடிக்கிற அதிர்ச்சி மாப்பிள்ளையின் காலுக்கு ஏறி, தகடு ஒரு மயிரிழை தள்ளி விழுகிறது என்று என்ஜினியரம்மா கண்டுபிடித்தார். அதிர்ச்சி ஏறாமல் இருக்க இரும்புக் காலின் நாலு பாதத்துக்கு அடியிலும் தடிமனான கறுப்பு ரப்பர் வைத்தார். பிரஸ்ஸின் அதிர்ச்சி மேலே ஏறவில்லை. மாப்பிள்ளையின் நடுக்கம் கீழே இறங்கவுமில்லை.

மறுநாள் காலையில் சரியண்ணன் வழக்கம்போல உள்ளங்கையை வைத்தார். மேசை செத்துக் கிடந்தது. ஏதோ தோன்றி நிமிர்ந்தால் மாப்பிள்ளை தகட்டோடு எழும்பிக்கொண்டிருந்தது. அது மூன்று முறை கூவிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறது; அதன்மேல் தப்பில்லை. மேலே பட்டால் கை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் கை பிடித்திருக்கிற தகட்டுக்கு அது தெரியுமா? சட்டைக் கைப்பகுதி நீளவாக்கில் கிழிந்து, மணிக்கட்டில் ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவர் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, சிரித்தார். யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று அவருக்கே தெரியாது.

அதன் பிறகு ஒவ்வொரு தகட்டுக்கும் தலையைத் தூக்கித் தூக்கி மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்தார். தகடு விரற்கடை தள்ளி விழுந்தது. எண்ணெய் வழிந்தது. "என்ன சரியண்ணே, மாப்பிள்ளையைச் சைட் அடிக்கிறீங்களா?" என்று சூப்பர்வைசர் கேட்டுவிட்டுப் போனார். "ஆமாங்க" என்றார் இவர். தளமே சிரித்தது. வீட்டில் மனைவி காயத்தைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை. கட்டுப் போட்டுவிட்டு நேராகத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சகலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

சகலை யோசிக்கிற ஜாதியில்லை, செய்கிற ஜாதி. "ஒரே ஒரு காலுக்கு மட்டும் ரப்பரை எடுத்துட்டு இரும்புத் துண்டை வெச்சிடுவோம். உனக்கு நடுக்கம் வந்து சேர்ந்துடும். மீதி மூணு கால்ல ரப்பர் இருக்கில்ல, மாப்பிள்ளைக்கும் நோவாது" என்றார். மதியம் எல்லோரும் கேன்டீனில் இருந்த நேரத்தில் ஒரு நெம்புகோலோடு வந்தார். சரியண்ணன் காவல் நின்றார். காது கேட்காதவர் காவல் நின்ற அழகை என்ன சொல்ல! சகலை ஒரு பாதத்தை நெம்பி, ரப்பரை உருவி, அதே கனத்தில் ஒரு இரும்புத் துண்டைச் செருகினார். பளபளப்புத் தெரியக் கூடாதென்று அந்தத் துண்டின்மேல் கறுப்பு டேப்பை ஒழுங்காகச் சுற்றியிருந்தார். பேக்கிங் ஷெட்டுக்குப் போனதிலிருந்து அவர் எதைத் தொட்டாலும் டேப் சுற்றாமல் விடுவதில்லை. ஓரத்தை மடித்து ஒட்டுவதுகூட ஷெட் பழக்கம்.

நடுக்கம் திரும்பி வந்தது. சரியண்ணன் மேசை ஓரத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எதிர்ப்பக்கம் சகலை திரும்ப வந்து நின்ற மாதிரி இருந்தது.

பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்குதானே வரும்? மூன்று கால் ரப்பரிலும் ஒரு கால் இரும்பிலும் நிற்கிற எதுவும் நேராக நிற்காது. மாப்பிள்ளை நாளாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. ஒரு காலை வேளையில் தகட்டைக் கோணலாகக் கொண்டுபோய் பிரஸ்ஸுக்குள் வைத்தது. பிரஸ் இடித்தது. சரியண்ணனுக்குப் பல்லில் தெரிந்தது அந்த இடி. தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற அச்சு இரண்டாகப் பிளந்துவிட்டது. தளம் முழுக்க நின்றது. யாருக்கும் அடியில்லை. என்ஜினியரம்மா குனிந்து நாலு பாதத்தையும் பார்த்தார். டேப் சுற்றிய துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓரம் மடித்து ஒட்டியிருந்தது. சூப்பர்வைசர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு பேக்கிங் ஷெட் பக்கம் நடந்தார்.

இரண்டு பேரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். வராந்தாவில் நடக்கும்போது சகலை சரியண்ணன் முன்னால் வந்து, பின்பக்கமாக நடந்துகொண்டே உதட்டால் சொன்னார். "ரப்பர் பிஞ்சு கிடந்துச்சு, புதுசு வர்ற வரைக்கும் துண்டு வெச்சேன்னு சொல்லிடறேன். திட்டுவாங்க, சம்பளத்துல பிடிப்பாங்க, போகட்டும். நீ வாயைத் திறக்காதே. உன் காது விஷயம் வெளிய வந்தா நீ காலி. புரிஞ்சுதா?"

சரியண்ணன் தலையாட்டினார். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். உலகத்தில் இதைவிடச் சுலபமான வேலை உண்டா?

இரண்டு பேரையும் மேசைக்கு ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதனால் சகலையின் உதடு தெரியவில்லை. எதிரே மேனேஜர். அவருக்குக் கன்னத்தில் கையூன்றி, விரலால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற வழக்கம். ஜன்னலோரம் என்ஜினியரம்மா நின்றார். சகலை ஏதோ சொல்கிறார் என்பது நாற்காலி ஆடுவதிலிருந்து தெரிந்தது. மேனேஜர் தலையை ஆட்டினார், மறுக்கிற மாதிரி. சகலை மறுபடி ஏதோ சொன்னார். பிறகு மேனேஜரின் முகம் சரியண்ணன் பக்கம் திரும்பியது. விரலுக்குப் பின்னால் வாய் அசைந்தது. நீளமாக அசைந்தது. நின்றது. புருவம் மேலே போனது.

இத்தனை வருஷப் பழக்கம். புருவம் மேலே போனால் என்ன சொல்ல வேண்டும் என்று மூளையைக் கேட்டா நாக்கு சொல்லும்?

"ஆமாங்க" என்றார் சரியண்ணன். ஒரு சிரிப்பும் சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது நுணல் அல்ல. சகலை மெல்லத் திரும்பி சரியண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்தார். 'அவருக்குக் கேக்கலைங்க' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம். அந்த இரண்டு வார்த்தையும் அவர் தொண்டைவரை வந்திருக்கும். அவர் வாயை மூடிக்கொண்டு முன்னால் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்ததும் சரியண்ணன் சகலையின் தோளைத் தட்டி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். சகலை சிரித்தார். "முடிஞ்சுது" என்று உதடு சொன்னது. சாயந்திரம் பேசலாம் என்று சைகை காட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். இந்த நேரத்தில் எதற்கு வாசல் பக்கம் போகிறார் என்று சரியண்ணனுக்குத் தோன்றவில்லை. நெஞ்சுப் பாரம் இறங்கிய சந்தோஷத்தில் அவர் போகிற வழியெல்லாம் எல்லோருக்கும் "சரிங்க, சரிங்க" என்று சொல்லிக்கொண்டே தளத்துக்குப் போனார். யாரும் திரும்பிச் சிரிக்கவில்லை.

சாயந்திரம் சகலை வரவில்லை. கொழுந்தியாள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தின் நடுவில் வந்து நின்றாள். அவளுக்குக் காது விஷயம் தெரியாது. ஆனால் ஆத்திரத்தில் ஒவ்வொரு வார்த்தையையும் கடித்துத் துப்பினாள். சரியண்ணனுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது.

"நல்லா இருங்க மாமா! 'வேலையைப் பறிச்ச வயித்தெரிச்சல்ல, நல்லா இருந்த ரப்பரை வேணும்னே கழட்டி மிஷினை ஒடச்சிருக்கான், நீ பாத்துட்டுத்தானே இருந்தே'ன்னு மேனேஜர் கேட்டாராம். ஆமாங்கன்னு சொன்னீங்களாமே! சிரிச்சுக்கிட்டே சொன்னீங்களாமே! கூடப் பிறக்காத அண்ணன் மாதிரின்னு உங்களை நம்பினாரே அந்த மனுஷன்! நாசக்காரன்னு பேர் வெச்சு வெளிய தள்ளிட்டாங்க. அந்தப் பேரோட இனி எந்தக் கம்பெனிக்காரன் வாசல்ல நிக்க விடுவான்?"

மனைவி தங்கையின் கையைப் பிடித்தாள். அவள் உதறினாள். "அக்கா, நீ பேசாதே. ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க? வாயைத் திறந்து சொல்லுங்க!"

சரியண்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் எந்த நாற்காலி என்று பார்த்தார். அப்பாவுடைய நாற்காலி எப்போதோ விறகாகிவிட்டது, இது வேறு நாற்காலிதான். ஆனாலும் துள்ளி எழுந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டும்போதே மனைவிக்குத் தெரிந்துவிட்டது. வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "போனவர் போயிட்டார். நீங்களும் போகணுமா? யோசிச்சுப் பாருங்க" என்றாள். அவர் அவளை ஒதுக்கிவிட்டுப் போனார். அழுதபடியே வழிவிட்டாள்.

மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்தபின் முகத்தைத் திருப்பாமலே ஏதோ கேட்டார். கழுத்துத்தான் அசைந்தது. சரியண்ணனின் நாக்கில் "சரிங்க" வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"எனக்குக் கேக்கலைங்க" என்றார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று அவருக்குத் தெரியாது. மேனேஜர் திடுக்கிட்டுத் திரும்பியதிலிருந்து, கத்தியிருக்கிறோம் என்று புரிந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிரஸ், உள்ளங்கை, ரப்பர், கிழிந்த சட்டை, சகலை எதற்காகச் செய்தார் என்பது, நேற்று தான் எதற்கு ஆமாம் போட்டோம் என்றே தெரியாமல் போட்டது. மேனேஜர் நம்பவில்லை. "என்கிட்ட எத்தனை வருஷமா பேசிக்கிட்டிருக்கீங்க!" என்று சிரித்தார். இவர் மணிக்கட்டைக் காட்டினார். மேனேஜர் வாயைக் கையால் மூடிக்கொண்டு எதையோ சொல்லிப் பார்த்தார். இவர் சும்மா நின்றார். மறுபடி சொல்லிப் பார்த்தார். இவர் சும்மா நின்றார். மேனேஜரின் சிரிப்பு போய்விட்டது. என்ஜினியரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்.

முடிவு இப்படி ஆயிற்று. யாருக்காகக் கெடுத்தாலும் கெடுத்தது கெடுத்ததுதான், அச்சு பிளந்தது பிளந்ததுதான், சகலையைத் திரும்ப எடுக்க முடியாது. காது கேட்காததை மறைத்ததற்கு சரியண்ணனையும் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். பழைய ஆள் என்று பாவம் பார்த்து, எண்ணெய்க் கையுறைகளைத் துவைக்கிற அறையில் போட்டார்கள். கூலி பாதி. ஆள் துணை கிடையாது. பிரஸ் தளத்தைப் பார்த்த ஒரு சின்ன ஜன்னல் மட்டும் உண்டு.

அந்த ஜன்னல் வழியாகத்தான் மூன்றாம் நாள் பார்த்தார். மாப்பிள்ளையின் முதல் முட்டியில் மஞ்சளாக ஒரு விளக்கு. கிளம்புவதற்கு முன் மூன்று தடவை மின்னியது. பிறகு கிளம்பியது. கீழே அவருடைய இடத்தில் நிற்கிற புது ஆள் விளக்கைப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்குத்தான் காது கேட்குமே.

என்ஜினியரம்மா கையுறை வாங்க வருகிற சாக்கில் வந்தார். நேராக முகம் பார்த்து, நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "விளக்கு இருக்கே, இனி நீங்க அங்கேயே நிக்கலாம்னு மேனேஜர்கிட்ட எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். சட்டம்னுட்டார். அண்ணே, இது ரொம்பச் சின்ன வேலை. ஒரு டீ குடிக்கிற நேரத்துல மாட்டிட்டேன். முதல் நாளே கேட்டேனே... யாருக்காவது சிரமம் இருந்தா சொல்லுங்கன்னு. அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேனே." அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. சரியண்ணன் துவைத்த கையுறைகளை எண்ணி அவர் கையில் கொடுத்தார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். காது கெட்டவருக்கு அந்த விளக்கு அப்படித்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சகலை வீட்டுக்குப் போனார். மனைவி வரவில்லை. கொழுந்தியாள் கதவைத் திறந்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். இப்போது அவளுக்கும் எல்லாம் தெரியும். தெரிந்து என்ன? சகலை மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறாராம். கழுத்துப் பக்கம் சாக்கு உரசிச் சிவந்திருந்தது. பொய்யாகச் சொன்ன முதுகு வலி இப்போது நிஜமாகவே வந்துவிட்டது, உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

எதிரே உட்கார்ந்த சரியண்ணனைச் சகலை நேராகப் பார்த்தார். "போய்ச் சொல்லிட்டியாமே" என்றார்.

"வேற என்ன செய்யச் சொல்றே? உன் மேல பழி..."

"என் மேல பழி வந்தா வந்துட்டுப் போகட்டும்யா! அந்த ரூம்ல நான் ஏன் வாயை மூடினேன்? உன் பொழைப்பாவது நிக்கட்டும்னுதானே? என் வேலை போச்சு, ஆனா அதுக்கு ஒரு பலன் இருக்குன்னு நெனச்சு ரெண்டு நாள் நிம்மதியா மூட்டை தூக்கினேன். அதையும் கொண்டுபோய்க் கொட்டிட்டு வந்து நிக்கிறியே! நான் போனது எதுக்குன்னே இல்லாமப் பண்ணிட்டியே!"

சரியண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தால் உதடு தெரியாது, அதனால் உடனே நிமிர்ந்தார். இதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று, விளக்கு விஷயத்தைச் சொன்னார். மஞ்சள் விளக்கு. மூன்று தடவை மின்னுகிறது. ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. முதல் நாளே அந்தப் பெண் கேட்டாளாம்.

சகலை அவரையே பார்த்தார். பிறகு சிரித்தார். கேன்டீனில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. கை மேசை மேல் கிடந்தது. விரல் ஒரு தடவை அசைந்தது, தட்டவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். தாடை அசைவது மட்டும் தெரிந்தது.

சரியண்ணன் மேசைமேல் சாய்ந்து, "என்ன சொன்னே? எனக்குக் கேக்கலை" என்றார். "சகலை, என்ன சொன்னே?"

சகலை திரும்பினார். அவர் உதடு நன்றாகத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல, விடு" என்றார்.